குறட்டை இல்லாவிட்டாலும் பரிசோதனை: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் உறக்க மூச்சுத்தடையைக் கண்டறிவது எப்படி

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம், "இரவில் நன்றாகத் தூங்குகிறானா?" என்று மருத்துவர் கேட்டால், "படுத்தவுடன் தூங்கிவிடுவான், டாக்டர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியா அந்தக் குழந்தைக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. நான்கு வயதை ஒட்டிய டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோரில் 69 சதவீதத்தினர் தங்கள் குழந்தையின் தூக்கத்தில் எந்தக் குறையும் இல்லை என்றே கூறினர். அப்படிக் கூறியவர்களின் குழந்தைகளில் 54 சதவீதத்தினருக்கு இரவுப் பரிசோதனையின் முடிவு இயல்புக்கு மாறாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, தூக்கத்தில் பிரச்சினை உண்டு என்று சொன்ன பெற்றோரின் குழந்தைகளில் 36 சதவீதத்தினருக்கே பரிசோதனையிலும் குறை தெரிந்தது. உண்டு என்று சொன்னாலும் சரி, இல்லை என்று சொன்னாலும் சரி, வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு இந்த விஷயத்தில் கை கொடுப்பதில்லை.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி, அறிகுறி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 4 வயதுக்குள் முழு இரவுத் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2011-ல் பரிந்துரைத்தது. 2022-ல் அந்த வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, 3 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில் என்று காலத்தை வரையறுத்தது. தடுப்பூசிக்கு நாள் குறித்து வைப்பதைப் போலவே இதையும் வயதைப் பார்த்துச் செய்ய வேண்டுமே தவிர, சந்தேகம் வரட்டும் என்று காத்திருந்து செய்யக் கூடாது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இவர்களுக்கு ஏன் அதிகம்

பொதுவாகக் குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு மட்டுமே காணப்படும் தடையால் வரும் ஸ்லீப் ஆப்னியா, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காணப்படுகிறது. காரணம் ஒன்றல்ல, பல. முகத்தின் நடுப்பகுதி எலும்புகள் சற்றுச் சிறுத்து வளர்வதால் மூக்கின் பின்புறமும் தொண்டையும் குறுகலாக அமைகின்றன. நாக்கு இயல்பான அளவிலேயே இருந்தாலும், அது அடங்க வேண்டிய வாய் சிறியதாக இருப்பதால் பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. பிறவியிலேயே உடல் தசைகள் தளர்ச்சியாக இருப்பதால், விழித்திருக்கும்போது திறந்து நிற்கும் தொண்டைச் சுவர் உறக்கத்தில் தொய்ந்து உள்வாங்குகிறது. மற்றக் குழந்தைகளுக்குத் தொந்தரவு தராத அளவுள்ள டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்ற திசுவும் இந்தச் சிறிய இடத்தில் பெரும் தடையாகிவிடுகின்றன. உடல் எடை கூடுவதும், இவர்களிடம் அடிக்கடி காணப்படும் தைராய்டு குறைபாடும் நிலைமையை மேலும் மோசமாக்கும்.

பாதிப்பு தூக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் கோளாறுடன் பிறக்கிறார்கள். இரவு தோறும் ஆக்சிஜன் அளவு விழுந்து எழுந்தால் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி, ஏற்கெனவே பழுதுபட்ட இதயத்துக்குச் சுமை ஏறும். மூளைக்கும் இது நல்லதல்ல. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்லீப் ஆப்னியா இருந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் மொழித்திறன் சார்ந்த நுண்ணறிவு மதிப்பெண், அது இல்லாத டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைவிடச் சராசரியாக 9 புள்ளிகள் குறைவாக இருந்தது. பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபிக்கும் வாரந்தோறும் அலையும் பெற்றோர், குழந்தையின் இரவுத் தூக்கத்தையும் அந்தப் பயிற்சிகளோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

அறிகுறி இல்லை என்பதை வைத்துப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்றால், அறிகுறியைத் தேடுவது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. 3 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்தால் பரிசோதனையை அப்போதே கேட்டுப் பெற வேண்டும் என்பது ஒன்று. பரிசோதனை முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக ஏதேனும் தென்பட்டால் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதலில் குழந்தை படுக்கும் விதத்தைப் பாருங்கள். உறக்க மூச்சுத்தடை உள்ள டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலர், மற்றவர் பார்த்தால் வியக்கும் விதத்தில் உறங்குவார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையிலேயே இடுப்பில் மடிந்து, விரித்த கால்களுக்கிடையே நெற்றியைப் படுக்கையில் பதித்துத் தூங்குவது அவற்றில் முக்கியமானது. நேராகப் படுக்க வைத்தால் சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்து மடிந்துகொள்வார்கள். சிலர் கழுத்தைப் பின்னால் முழுவதுமாக வளைத்து முகவாய் மேல்நோக்கி இருக்கும்படி உறங்குவார்கள்; இன்னும் சிலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்குவார்கள். "எங்கள் பிள்ளைக்கு உடம்பு ரப்பர் மாதிரி வளையும்" என்று வீட்டார் சிரித்துக்கொண்டு புகைப்படம் எடுத்து வைத்திருப்பதும் உண்டு. மூட்டுகள் நெகிழ்வாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை அப்படி வளைவது, நாக்கு முன்னால் சரிந்து மூச்சுக்கு வழி விடட்டும் என்பதற்காக இருக்கலாம். அந்தப் புகைப்படத்தைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து ஒலி. குறட்டை, கொர் என்ற இழுப்பு, திடீரென்று நின்று பிறகு திணறலோடு தொடங்கும் மூச்சு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள். ஆனால் ஓசை இல்லாத மூச்சு தடையில்லாத மூச்சு என்று பொருளல்ல. வழி முழுவதுமாக அடைபட்டால் காற்று நகராது. காற்று நகராவிட்டால் ஓசையும் எழாது. எனவே காதைவிட மார்பைக் கவனிப்பது நல்லது. மூச்சு இழுக்கும்போது வயிறு மேலெழ, மார்புக்கூடு அதற்கு எதிராக உள்ளே ஒடுங்கினாலோ, கழுத்தெலும்புக்கு மேலேயும் விலா எலும்புகளுக்கு இடையிலும் குழி விழுந்தாலோ, குழந்தை அடைபட்ட வழியில் காற்றை இழுக்கப் பாடுபடுகிறது என்று அறியலாம்.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பெற்றோரின் கணிப்பு தவறிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. குழந்தை தூங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் நாம் எட்டிப் பார்க்கிறோம். அது பெரும்பாலும் ஆழ்ந்த உறக்க நேரம். அப்போது மூச்சு ஒப்பீட்டளவில் சீராக இருக்கும். கனவுகள் வரும் உறக்கக் கட்டத்தில்தான் தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்து தடை அதிகமாகிறது. அந்தக் கட்டம் விடியலை ஒட்டிய மூன்றிலொரு பங்கு இரவில் மிகுதியாக வரும். அந்த நேரத்தில் வீடே உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வாரத்தில் ஓரிரு நாள் அலாரம் வைத்து அதிகாலை 4 மணிக்கு எழுந்து, குழந்தையின் சட்டையைச் சற்று உயர்த்தி, முகமும் மார்பும் வயிறும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி, மங்கலான விளக்கொளியில் 3 நிமிடம் கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். மூச்சு நிற்பது போலத் தோன்றினால் தட்டி எழுப்ப மனம் பதறும். உதட்டு நிறம் மாறாமல் இருந்து, குழந்தை தானே மீண்டும் மூச்சு விட்டால், காணொளியைத் தொடருங்கள். கண்ட நேரத்தில் எடுத்த அரை நிமிடத் துணுக்கைவிட, ஒரு தடையின் தொடக்கமும் முடிவும் பதிவான ஒரே காணொளி மருத்துவருக்குப் பலமடங்கு பயன்படும்.

இரவில் புரண்டுகொண்டே இருத்தல், அடிக்கடி விழித்தல், தலையும் கழுத்தும் நனையும்படி வியர்த்தல், பழகிய பிறகும் மீண்டும் படுக்கையை நனைத்தல் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். பகலில் தெரியும் அடையாளங்களைப் பிரித்தறிவதுதான் கடினம். பெரியவர்களைப் போல இந்தக் குழந்தைகள் எப்போதும் தூங்கி வழிவதில்லை. தூக்கம் போதாதபோது துறுதுறுப்பும் பிடிவாதமும் எரிச்சலும் கவனச்சிதறலும் கூடுகின்றன. அவற்றைக் காணும் ஆசிரியரும், உறவினரும், சில நேரம் மருத்துவரும்கூட, "டவுன் சிண்ட்ரோம் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்று மாதங்களுக்கு முன்பு வரை ஒழுங்காக உட்கார்ந்து படம் பார்த்த குழந்தை இப்போது ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் இருப்பதில்லை என்றால், அந்த மாற்றத்துக்குக் குரோமோசோமைக் காரணம் சொல்ல முடியாது. இரண்டாக இருக்க வேண்டிய 21-ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோம்; அது மூன்று மாதங்களுக்கு முன்பும் மூன்றாகத்தான் இருந்தது.

கைக்குழந்தைகளிடம் அடையாளங்கள் வேறு விதமாக இருக்கும்: பால் குடிக்கும்போது இடையிடையே மூச்சு வாங்குதல், எடை ஏறாமை, மூச்சிரைப்பு ஓசை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய குழந்தையைத் தலையணை வைத்து உயர்த்தியோ குப்புறப் படுக்க வைத்தோ உறங்கச் செய்யும் வழியை நீங்களாகத் தேட வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்து, சமமான, உறுதியான படுக்கையில்தான் கிடத்த வேண்டும். வேறு நிலை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உதடு நீலம் பாரித்தாலோ, தட்டியும் குழந்தை விழிக்காமல் துவண்டாலோ, அது பரிசோதனைக்கு நாள் குறிக்கும் நேரமல்ல. உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது

குழந்தை பிறந்த முதல் 6 மாதங்களுக்குள் ஒரு முறையும், அதன் பிறகு ஒவ்வொரு வழக்கமான வருகையிலும் உறக்க மூச்சைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே நெறிமுறை. மருத்துவர் தாமாகக் கேட்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள். "குறட்டை விடுகிறதா, இல்லையா" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடாமல், காணொளியையும் குறிப்பேட்டையும் காட்டி, "3 வயது நிறைகிறது, முழு இரவுத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள்" என்று நேரடியாகவே கேட்பது நல்லது. பரிசோதனைக்கூடங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால், இரண்டரை வயதிலேயே பெயரைப் பதிந்து வைப்பது புத்திசாலித்தனம்.

அதே வருகையில் தைராய்டு பரிசோதனை எப்போது செய்யப்பட்டது என்பதையும் சரிபாருங்கள். ஒரு வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் அது தேவை. மூக்கடைப்பு, ஒவ்வாமை, இரைப்பை அமிலம் மேலெழுதல் ஆகியவையும் கேட்டறியப்பட வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் டான்சிலைப் பார்த்துவிட்டு, "பெரிதாக இல்லை, கவலை வேண்டாம்" என்று சொன்னால் அதை ஒரு தகவலாக ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு மாற்றாக ஏற்க வேண்டாம். நாக்கின் அடிப்பகுதியும் குரல்வளையும் அந்தப் பார்வைக்கு எட்டாதவை.

தூக்கம் சரியில்லை என்று சொன்னதும் தூக்கத்துக்கான மருந்தோ, தூக்கம் வரவைக்கும் சளி மருந்தோ கொடுத்துப் பார்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. மூச்சுத்தடை இருக்கும் குழந்தைக்கு இது ஆபத்தானது. தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சு நின்றவுடன் விழித்துக்கொள்ளும் இயல்பான பாதுகாப்பையும் அது மழுங்கடித்துவிடும்.

பரிசோதனை இரவும் அதற்கு முந்தைய வாரங்களும்

பாலிசோம்னோகிராபி எனப்படும் தூக்க ஆய்வில் ஊசி இல்லை, வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. தலையில் ஒட்டும் உணரிகள் மூளை அலைகளைப் பதிவு செய்து குழந்தை எந்த உறக்கக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும். கண்ணருகிலும் முகவாயிலும் கால்களிலும் ஒட்டுபவை அசைவுகளைப் பதிவு செய்யும். மூக்கின் கீழ் பொருத்தும் மெல்லிய குழாய் காற்றோட்டத்தை அளக்கும். மார்பையும் வயிற்றையும் சுற்றிய இரண்டு பட்டைகள் மூச்சுக்கான முயற்சியை அளக்கும். விரலில் அல்லது கால் கட்டைவிரலில் ஆக்சிஜன் உணரியும், மூக்கருகில் அல்லது தோலில் கார்பன் டை ஆக்சைடு உணரியும் இருக்கும். இதயத்துடிப்பும் காணொளியும் இரவு முழுவதும் பதிவாகும். காற்றோட்டம் நின்றும் பட்டைகள் அசைந்துகொண்டே இருந்தால் வழியில் தடை என்று பொருள். பட்டைகளும் அசையாவிட்டால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை என்று பொருள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இந்த வேறுபாட்டை அறியத்தான் இத்தனை ஒயர்கள்.

தொடு உணர்வு கூர்மையான குழந்தைக்கு இத்தனையையும் ஒரே மாலையில் ஒட்டினால் அழாமல் என்ன செய்யும்? மூன்று வாரத்துக்கு முன்பே ஒத்திகையைத் தொடங்குங்கள். பரிசோதனைக்கூடத்தில் பழைய ஒட்டுகள் சிலவும் ஒரு மூக்குக் குழாயும் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முதல் சில நாள் எல்லாம் பொம்மைக்கே. பொம்மையின் நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, மார்பில் ஒரு துணிப்பட்டை. ஒட்டுவது குழந்தையின் வேலையாகவே இருக்கட்டும். பிறகு அப்பாவின் நெற்றியில். அதற்குப் பிறகே குழந்தையின் கையில் ஒன்று, பத்து எண்ணும் வரை. எண்ணி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். அழத் தொடங்கிய பின் எடுத்தால், அழுதால்தான் எடுப்பார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். கையிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து மூக்கருகிலும் நாள்தோறும் சிறிது முன்னேறலாம். மூக்குக் குழாய்தான் கடைசிவரை முரண்டு பிடிக்க வைக்கும். அதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். பேச்சு குறைவான குழந்தைக்குப் படங்களை வரிசையாக ஒட்டிய ஓர் அட்டை மிகவும் உதவும்: கட்டிடம், கட்டில், ஒட்டு, தூக்கம், விடிந்தபின் வீடு. கடைசிப் படம் வீடாக இருப்பது அவசியம்.

பரிசோதனையன்று தலைக்குக் குளிப்பாட்டிச் சுத்தமாக உலர விடுங்கள். எண்ணெயோ கிரீமோ தடவினால் உணரிகள் ஒட்டாது. பகல் தூக்கத்தைக் குறைத்து, வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முன்பே சென்றுவிடுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள்; அடைத்த மூக்கோடு எடுத்த முடிவு உண்மை நிலையைக் காட்டாது. வீட்டுப் போர்வையையும் பழகிய பொம்மையையும் எடுத்துச் செல்லுங்கள். வழக்கமாகத் தரும் மருந்துகளை நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். பெற்றோரில் ஒருவர் அதே அறையில் இருப்பார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தை உறங்கிய பிறகு முகத்து உணரிகளை ஒட்டலாமா என்று தொழில்நுட்பப் பணியாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் பலர் தாங்களாகவே அப்படித்தான் செய்வார்கள். நடு இரவில் குழந்தை மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டால் இரவே வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பதிவான மணி நேரங்களிலிருந்தே பலமுறை தெளிவான முடிவு கிடைத்துவிடும்.

பரிசோதனைக்கூடம் எட்டாத இடத்தில் இருந்தால்

முழு ஆய்வுக்கு வழியில்லாத இடங்களிலும், காத்திருப்புக் காலம் நீளும்போதும், இரவு முழுவதும் ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பதிவு செய்யும் ஆக்சிமெட்ரி பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம். பிரிட்டனில் இது முதல்நிலைச் சல்லடையாகவே பயன்படுகிறது. கருவியை மருத்துவமனையிலிருந்து பெற்று, கால் கட்டைவிரலில் பொருத்தி, மேலே ஒரு காலுறை மாட்டிவிட்டால் குழந்தை பிடுங்குவது குறையும். ஆக்சிஜன் அளவு கொத்துக் கொத்தாக, திரும்பத் திரும்ப 90 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால் மூச்சுத்தடை இருப்பது ஏறத்தாழ உறுதி. அந்தக் குழந்தையைப் பரிசோதனைப் பட்டியலில் முன்னுக்குக் கொண்டுவர அந்த வரைபடம் ஒன்றே போதும். ஆனால் வரைபடம் நேர்கோடாக வந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் விழுவதற்கு முன்பே மூளை விழித்துக்கொண்டு மூச்சை மீட்டுவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களின் தூக்கம் சுக்குநூறாக உடைந்திருக்கும், ஆக்சிஜன் கோடு மட்டும் அழகாக இருக்கும். ஆகவே நல்ல முடிவு வந்தாலும் முழு ஆய்வுக்கான இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடையில் விற்கும் விரல் ஆக்சிமீட்டரையும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தையும் இதற்கு நம்ப வேண்டாம். சில விநாடிகளுக்கு மட்டும் நீடிக்கும் வீழ்ச்சியை அவை சராசரியில் கரைத்துவிடும். குழந்தை கையை அசைத்தாலே பொய்யான எண்ணைக் காட்டும். பெரியவர்களுக்கு வீட்டில் வைத்துச் செய்யும் ஸ்லீப் ஆப்னியா பரிசோதனைக் கருவிகளைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2017-ல் தெளிவாகக் கூறியுள்ளது. பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள்களும் இந்தக் குழந்தைகள் விஷயத்தில் போதிய துல்லியம் கொண்டவை அல்ல. பேச்சைத் தொடங்க அவை உதவும், முடிவெடுக்க உதவாது.

அறிக்கையைப் படிக்கும் விதம்

அறிக்கையில் முதலில் தேட வேண்டிய எண் ஏஎச்ஐ. ஒரு மணி நேர உறக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது பெருமளவு குறைந்தது என்பதே அது. பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு என்பார்கள். குழந்தைகளுக்கு அந்த எல்லை 1. மணிக்கு 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 வரை நடுத்தரம், 10-க்கு மேல் கடுமையானது என்று வகுப்பது வழக்கம். பெரியவர்களுக்கு 10 விநாடி மூச்சு நின்றால்தான் கணக்கில் சேரும். குழந்தைகளுக்கு இரண்டு மூச்சுகள் தவறினாலே கணக்கு. பெரியவர்களின் அளவுகோலைக் கொண்டே அறிக்கை எழுதப்பட்டு, 4.5 என்ற எண்ணுக்கு நேரே "இயல்பு" என்று அச்சாகியிருந்தால் அதை அப்படியே ஏற்காமல், குழந்தைகளுக்கான அளவுகோலில் மறுபடி பார்க்கும்படி கேளுங்கள்.

அந்த ஒரே எண்ணோடு நின்றுவிடவும் வேண்டாம். தடையால் வந்தவை எத்தனை, மூளைக் கட்டளை தவறியதால் வந்தவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். சிறு குழந்தைகளிடம் இரண்டாம் வகை கலந்திருப்பது அரிதல்ல. ஆக்சிஜன் மிகக் குறைந்தபட்சமாக எவ்வளவு இறங்கியது, கார்பன் டை ஆக்சைடு 50 mmHg என்ற அளவுக்கு மேல் இருந்த நேரம் மொத்த உறக்கத்தில் 25 சதவீதத்தைத் தாண்டியதா என்பதையும் பாருங்கள். தாண்டியிருந்தால், ஏஎச்ஐ குறைவாக இருந்தாலும் குழந்தை இரவு முழுவதும் போதிய அளவு மூச்சு விடவில்லை என்று பொருள். கனவு உறக்கம் பதிவாகாத இரவிலோ மொத்தமே இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் உறங்கிய இரவிலோ "இயல்பு" என்ற முடிவு வந்தால், அதன் மதிப்பு குறைவு.

தடை உறுதியானால்

பெரும்பாலும் முதல் சிகிச்சை டான்சிலையும் அடினாய்டையும் அகற்றுவதே. டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அந்த அறுவை சிகிச்சைக்கு முன்பே தூக்க ஆய்வு செய்திருக்க வேண்டும் என்பது காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமெரிக்க வழிகாட்டுதலிலும் இடம்பெற்ற விதி. அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்பாமல், ஓர் இரவாவது கண்காணிப்பில் வைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இந்தக் குழந்தைகள் சிலரின் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும் என்பதால், மயக்க மருந்து கொடுக்கும்போதும் அறுவையின்போதும் கழுத்தை அதிகம் வளைக்கக் கூடாது. மூச்சுக்குழாயும் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறுகலாக இருக்கலாம். இவை மயக்க மருந்து நிபுணருக்குத் தெரிந்தவைதான். இருந்தாலும் ஒரு முறை நினைவூட்டுவதில் தவறில்லை.

அறுவைக்குப் பின் குறட்டை நின்றதும் எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் மற்றக் குழந்தைகளைப் போலன்றி, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ மூச்சுத்தடை ஓரளவு மிஞ்சிவிடுகிறது. எனவே புண் ஆறிய பின், 2 முதல் 3 மாதங்களில் மீண்டும் முழு ஆய்வு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிகம் கைவிடப்படுவது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் நாள் குறித்து வாங்கிவிடுவது பாதுகாப்பு.

தடை மிஞ்சினால், மருந்தின் உதவியோடு உறக்க நிலையில் மெல்லிய கேமரா செலுத்தி, எந்த இடத்தில் வழி அடைகிறது என்று பார்ப்பார்கள். நாக்கின் அடியிலுள்ள டான்சில் திசுவா, பின்னால் சரியும் நாக்கா, குரல்வளைத் தொய்வா என்பதைப் பொறுத்து அடுத்த படி அமையும். காற்றழுத்தத்தால் வழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. முகமூடியைக் குழந்தை ஏற்காது என்று தொடங்கும் முன்பே கைவிட வேண்டாம். பொம்மையில் தொடங்கிய அதே ஒத்திகை முறை இங்கும் பலன் தரும், வாரங்களுக்குப் பதில் மாதங்கள் ஆகலாம், அவ்வளவே. மற்ற வழிகள் பலிக்காத வளரிளம் பருவத்தினருக்கு, மூச்சு இழுக்கும் நேரத்தில் நாக்கின் நரம்பைத் தூண்டி நாக்கை முன்னே தள்ளும், உடலுக்குள் பதிய வைக்கும் கருவியை, 13 வயது நிறைந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மார்ச்சில் அனுமதித்தது. கடுமையான தடை உள்ளவர்களுக்கு மட்டுமான அனுமதி அது.

4 வயதில் வந்த இயல்பான முடிவு 10 வயதுக்குச் செல்லுபடியாகாது. எடை கூடும்போதும், பருவ வயதை எட்டும்போதும், டான்சில் எடுத்த இடத்தில் திசு மீண்டும் வளரும்போதும் தடை புதிதாகத் தோன்றலாம். படிப்பிலோ நடத்தையிலோ காரணம் தெரியாத சரிவு ஏற்பட்டாலும், நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதாக இதய மருத்துவர் சொன்னாலும், தைராய்டோடு உறக்க மூச்சையும் மீண்டும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். ஒவ்வொரு ஆய்வின் முழு அறிக்கையையும், ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டுமல்லாமல், நகலெடுத்துக் குழந்தையின் கோப்பில் வையுங்கள். பல் பிடுங்குவதற்கோ காதில் குழாய் வைப்பதற்கோ மயக்க மருந்து தேவைப்படும் நாளில், அந்த நிபுணர் முதலில் கேட்கப்போவது அந்த அறிக்கையைத்தான்.